காண்டலும் கருதலும்: கடற்புட்களின் கூடு பற்றிய எழுத்துக்கள்

புள்ளினங்களைப் பற்றிய குறிப்புக்கள் தமிழ் இலக்கியத்தில் நிறைந்து கிடக்கின்றன. அன்றிலும் நாரையும் குருகும் பருந்தும் ஐந்திணைப் பாடல்களிற் கருப்பொருளாய் அமைந்து, மாந்தர் உள்ளத்து நிகழ்ச்சிகளைப் புலப்படுத்தும் வாயில்களாக விளங்குகின்றன. இவற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் உவமை, உள்ளுறை, இறைச்சி என்னும் தலைப்புக்களின் கீழ் வைத்தே ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சி வேண்டுவதே. ஆயினும் அதற்கு முற்பட்ட வினாவொன்று உண்டு. புள்ளைப் பாடிய புலவன் கண்ணாற் கண்டது எது? கண்டதிலிருந்து கருதிக்கொண்டது எது? பிறர் சொல்லக் கேட்டு ஏற்றது எது? இவ்வினாவை எழுப்பாத விடத்துப் பாட்டின் நுட்பமும் விளங்காது. புள்ளின் இயல்பும் விளங்காது.

ஓரிணைப் புட்கள் கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கும்வரை ஒரு பருவம் முழுவதும் நோக்கி எழுதும் குறிப்பேட்டில் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. கூடு உயர்ந்த மரத்தில் உள்ளது. நோக்குவோன் நெடுந்தொலைவில் நிற்கின்றான். கூட்டின் உட்புறம் அவன் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அவன் எழுதுவனவற்றுட் பெரும்பகுதி கருதலேயாகும். அக்கருதலைக் காண்டல் போல எழுதினானா, கருதல் என்றே எழுதினானா என்பதைக் கொண்டே அவ்வெழுத்தின் தகுதி அளக்கப்படும். இவ்வளவுகோலைத் திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்புட்களை முன்னிட்டு, பழைய பாடல்களின்மேலும் பிற்காலத்து நூல்களின்மேலும் வைத்துப் பார்த்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வளவுகோல் வெளிநாட்டிலிருந்து வந்ததன்று. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், அளவைகள் பலவாகக் கூறப்படினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பதைத் தெளிவுறுத்தினார். மெய்ப்பொருளை ஆராய்தற்கு வகுத்த அம்முறை, மரத்தின்மேல் உள்ள கூட்டை ஆராய்தற்கும் பொருந்துவதே. கருதலுக்கு ஏது வேண்டும். ஏது பிழைபட்டால் முடிபும் பிழைபடும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ஏதுப் போலிகளை விரித்துரைப்பதும் இதுபற்றியே.

இனித் துறைமுகத்தை நோக்குவோம் எனின், சுவாமிமலையின் செங்குத்தான பாறையும், உட்டுறைமுகத்தைச் சூழ்ந்த காடடர்ந்த முனைகளும், மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக்குடாவும், தம்பலகாமத்தின் களப்பும் மீனுண்ணும் வேட்டைப்புட்களுக்கு ஏற்ற இடங்களாம். அவற்றுள் இரண்டு எளிதில் மயங்கத்தக்கன. ஒன்று வெண்வயிற்றுக் கடற்பருந்து. தலையும் கழுத்தும் வயிறும் வெண்மை. முதுகு சாம்பல் நிறம். சிறகின் பின்விளிம்பு கருமை. வால் குறுகி ஆப்புப் போன்றது. விரித்த சிறகு ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலமுடையது. இஃது இலங்கையிலே நிலைத்து வாழ்வது. இங்கேயே கூடு கட்டுவது. மற்றையது விராலடிப்பான். மேற்புறம் கபில நிறம், கீழ்ப்புறம் வெண்மை, கண்ணின் வழியே கரிய கோடொன்று ஓடும். கால்களை முன்னீட்டி நீருட் பாய்ந்து, சில வேளைகளில் உடல் முழுவதும் அமிழ்ந்து, மீனைப் பற்றி எழும். புறவிரலைப் பின்னோக்கித் திருப்ப வல்லது. உள்ளடியில் முட்போன்ற செதிள்களை உடையது. ஆதலின் வழுக்கும் மீனும் அதன் பிடிக்குத் தப்பாது. இவ்விரண்டாவது புள் வடநாடுகளிற் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இத்தீவுக்கு வருவது. இங்கு அது விருந்தாளியே, இல்லறம் நடத்துவதன்று.

இவ்வேற்றுமை அறியாதவிடத்து நேரும் பிழை சிறிதன்று. மீன் தின்னும் பெரும்புள் யாதாயினும் அதனைக் கழுகு என்றோ பருந்து என்றோ எழுதிச் செல்லும் வழக்கம் தமிழில் உண்டு. ஆங்கில நூல்களில் விராலடிப்பானின் கூட்டைப் பற்றிய வருணனைகள் மிகப் பல. அவற்றைத் தழுவி எழுதுவோர் பெயரை மட்டும் தமிழாக்கி, இடத்தை மட்டும் திருகோணமலை ஆக்கிவிட்டால், இல்லாத கூடொன்று கொட்டியாரக்குடாவில் தோன்றிவிடும். எழுத்து அழகாயிருக்கலாம், அளவைக்கு அது நில்லாது.

இம்மயக்கம் எங்கே பிறக்கின்றது என்பதைக் குறுந்தொகையின் 92ஆம் பாட்டு நன்கு விளக்குகின்றது. தாமோதரனார் பாடிய அந்நெய்தற் பாட்டில், ஞாயிறு மறைந்த வானத்தே புட்கள் விரைந்து பறத்தலைத் தலைவி காண்கின்றாள். வழியயலில் ஓங்கிய மராமரத்துக் கூட்டில் உள்ள குஞ்சுகளின் வாயிற் செருகுதற்கு இரை கொண்டமையால் அவை விரைகின்றன என்று அவள் இரங்குகின்றாள். இங்குக் காண்டல் எது? மாலை வானம், வளைந்த சிறகு, விரைவு, இரை. கூட்டினுட் குஞ்சு வாய் திறந்திருத்தலை அவள் கண்டிலள், அது கருதல். இரையை ஏதுவாகவும் விரைவைத் துணையேதுவாகவும் கொண்டு கூட்டையும் குஞ்சையும் அவள் உய்த்துணர்கின்றாள். பிரிந்தார்க்கு இரங்கும் அவள் உள்ளமே அக்கருதலை விரைவுபடுத்துகின்றது. காரணத்தைக் கூறும் சொல்லைப் புலவர் வெளிப்படையாகவே வைத்துள்ளார். ஆதலின் காட்சி முடிந்து கருத்துத் தொடங்கும் இடம் கற்போனுக்கு மறைக்கப்படவில்லை.

கூடு தேடுவோர் இன்றும் கையாளும் முறை இதுவே. இரை சுமந்து செல்லும் புள்ளின் வழியை நோக்கி, அது இறங்கும் மரத்தை அடைவர். ஆனால் தை மாதத்தில் உட்டுறைமுகத்தின்மேல் மீன் சுமந்து பறக்கும் விராலடிப்பானை இம்முறையாற் பின்தொடர்வோன் கூட்டைக் காணான். அப்புள் பட்டமரக் கிளையொன்றில் அமர்ந்து தானே அம்மீனைத் தின்னும். இரை சுமத்தல் கூடுடைய புள்ளிடத்தும் உண்டு. கூடில்லாப் புள்ளிடத்தும் உண்டு. இரு திறத்தும் செல்லும் இத்தகைய ஏதுவையே மணிமேகலை கூறும் அநைகாந்திகம் என்னும் ஏதுப் போலியுள் அடக்கலாம். புகை கண்டு நெருப்பைக் கருதலாம். மீன் கண்டு குஞ்சைக் கருதல் எப்போதும் இயலாது. ஆனி மாதத்தில் ஒரு விராலடிப்பானைக் கண்டு, அது வடக்கே செல்லாமையால் இங்குக் கூடு கட்டியிருத்தல் வேண்டும் எனக் கருதுதலும் இத்தகையதே. இளம்புட்கள் தம் முதற் கோடையைக் குளிர்கால வாழிடத்திலேயே கழித்தல் இயல்பு.

இனி, ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியின் வெள்ளாங்குருகுப் பத்து ஈண்டு நோக்கற்பாலது. 151 முதல் 160 வரையுள்ள பத்துப் பாட்டும் ஒரே நிகழ்ச்சியுடன் தொடங்குவன. வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காணச் சென்ற நாரையே அந்நிகழ்ச்சி. அங்கு வரும் 'செத்தென' என்னும் சொல்லுக்கு 'இறந்ததாக' என்று பொருள்கொள்வாரும் உளர். செத்து என்பது கருதி என்னும் பொருளிலும் பழம்பாடல்களில் வழங்குதலின் 'போலும் எனக் கருதி' என்று கொள்வாரும் உளர். முன்னையதாயின் அது துக்கம் கேட்கச் சென்ற நாரை. பின்னையதாயின் பிறிதொன்றன் பிள்ளையைத் தன்னதென மயங்கிச் சென்ற நாரை. ஒரு சொல்லில் நிகழ்ச்சியே மாறிவிடுகின்றது.

உரையாசிரியர் வழக்கை ஒருபுறம் வைத்து, கூட்டை நோக்குவோன் நிலையிலிருந்து இப்பத்தைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். நாரை மிதித்தமையால் நெய்தல் மலர்தலும், நாரை வருந்திக் கரைதலும், கோதுகையில் உதிர்ந்த தூவி மணலிற் கிடத்தலும் பாட்டுக்குப் பாட்டு மாறி வருகின்றன. இவை கரையில் நிற்போன் கண்ணும் செவியும் அறியக்கூடியவை. நாரை ஏன் சென்றது என்பதோ எல்லாப் பாட்டிலும் மாறாது நிற்கும் கருதல். காண்டல் பத்து வகையாக விரிய, கருதல் ஒன்றாகவே நிலைபெறுகின்றது. பல இன நீர்ப்புட்கள் ஒரே மரத்தில் நெருங்கிக் கூடு கட்டுவன ஆதலின், ஒன்றன் கூட்டருகே மற்றொன்று இறங்குதல் நாளும் நிகழும் செயலே. அதன் காரணத்தைத் தொலைவில் நின்று துணிதல் அரிது. அவ்வருமையை அச்சொல்லின் இருபொருள் இன்றுவரை காத்து நிற்கின்றது. இரண்டில் ஒன்றே உண்மை எனத் துணிந்து மற்றதை மறக்கும் உரை, பாட்டின் பாதியை இழந்த உரையாகும்.

இத்தீவின் புட்களைப் பற்றிப் பிற்காலத்தெழுந்த ஆங்கில நூல்களுள் இரண்டு இவ்வளவையால் மதிக்கத்தக்கன. 1868 முதல் 1877 வரை இலங்கையில் பீரங்கிப்படை அதிகாரியாயிருந்து, திருகோணமலையிலும் கடமையாற்றிய வில்லியம் வின்சன்ற் லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை பகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. ஒவ்வொரு புள்ளுக்கும் அது வாழும் இடங்கள், அதன் பழக்கங்கள், அது கூடு கட்டும் முறை எனத் தனித்தனித் தலைப்புக்கள் வகுத்தமை அந்நூலின் சிறப்பு. அவர் தாம் கண்டதைத் தாம் கண்டதாகவும், பிறர் அறிவித்ததை அவர் பெயரோடும் எழுதுவர். காண்டலும் உரையும் அங்குக் கலந்து மயங்குவதில்லை. குறை எதுவெனின், அவர் புள்ளைச் சுட்டு வீழ்த்தியே உறுதிசெய்யும் காலத்தவர். தோலையும் முட்டையையும் அளந்து அறிந்தவற்றில் அந்நூல் தேர்ந்தது. ஒரே இணையை மாதக்கணக்கில் உயிரோடு நோக்கும் பொறுமைக்கு அக்காலத்து முறை இடமளிக்கவில்லை.

கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஹென்றி எழுதி 1955இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல் இன்னொரு வகையது. படங்களும் அவர் வரைந்தவையே. உயிருள்ள புள்ளின் நிற்கும் தோற்றத்தையும் பறக்கும் முறையையும் கண்டு வரைந்தமையால், துப்பாக்கியின்றிப் புள்ளை இனங்காணும் வழியை அந்நூல் பலர்க்குத் திறந்துவிட்டது. இங்குக் கூடுகட்டுவன எவை, வந்து செல்வன எவை என்ற வேறுபாடும் அதிற் பிசகின்றி அமைந்துள்ளது. ஆனால் கைநூலாதலின் ஒவ்வொரு புள்ளுக்கும் அதில் இடம் சிறிதே. பல கூடுகளிலிருந்து பெற்ற செய்தியை ஒரு பொதுவிதியாகச் சுருக்கும்போது, ஒரு கூட்டின் தனிவரலாறு மறைந்துபோதல் இயல்பு. அத்தனிவரலாற்றை எழுதுதல் அவ்வூரில் வாழ்வோர் கடமையேயன்றி, நாடு முழுவதுக்கும் நூல் செய்வோன் கடமையன்று.

அத்தனிவரலாறு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு விராலடிப்பான் கூடு கட்டும் நாடுகளே சான்று. ஸ்கொத்லாந்தில் வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் அற்றுப்போயிருந்த அப்புள், 1954இல் கார்ட்டன் ஏரியருகே மீண்டும் கூடு கட்டியது. 1958இல் காவலர் இருந்தும் இரவில் ஒருவன் மரமேறி முட்டையைக் கவர்ந்தான். பின்னர்க் கூட்டைப் பார்த்தபோது நிறம் பூசிய கோழிமுட்டைகள் அங்குக் காணப்பட்டன. 1959இல் மூன்று குஞ்சுகள் பறந்தன. கூட்டை மறைப்பதற்கு மாறாக, தொலைவிலிருந்து யாவரும் காணும்படி பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தார் அதனைத் திறந்துவிட்டனர். அவ்வாண்டில் ஏறத்தாழ 14,000 பேர் வந்து கண்டனர். பல்லாயிரம் கண்கள் நோக்கும் கூட்டை இரவில் அணுகுதல் எளிதன்று என்ற கருத்து அங்குப் பயன் தந்தது.

ஐக்கிய அமெரிக்காவிற் கனெற்றிகட் ஆற்றுமுகத்தில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1950களின் நடுவில் அங்கு ஏறத்தாழ 150 கூடுகள் இருந்தன. ஆண்டுதோறும் அவை குறைந்து வந்தன. நிலவிலங்குகள் முட்டையைத் தின்கின்றன எனக் கருதிக் கம்பங்களின்மேல் மேடை அமைத்தனர். புட்கள் மேடையிற் கூடு கட்டின, முட்டை பொரியவில்லை. ஆகவே முதற் கருதல் பிழையாயிற்று. குறை தாய்ப்புள்ளிலா, சூழலிலா, முட்டையிலா? 1960களின் இறுதியிற் போல் ஸ்பிற்சர் என்பார் மேரிலாந்திலிருந்து முட்டைகளைக் கொணர்ந்து இங்குள்ள கூடுகளில் வைத்தார். இங்குள்ளவற்றை அங்கு வைத்தார். மேரிலாந்து முட்டைகள் கனெற்றிகட் புட்களின் அடியிற் பொரித்தன. கனெற்றிகட் முட்டைகள் அங்கும் பெரும்பாலும் கெட்டன. அடைகாத்தலிற் குறையில்லை, குறை முட்டையிலேயே என்பது துணியப்பட்டது. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி மீன்வழியே புள்ளின் உடலிற் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்தமை இத்தகைய ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. 1967இல் டெறெக் றட்கிளிவ் பிரித்தானியாவில் வல்லூறுகளின் முட்டையோடு மெலிந்தமையை வெளியிட்டிருந்தார். 1972இல் அமெரிக்க அரசு டி.டி.ரி.யின் பொதுவழக்கைத் தடைசெய்தது. பின்னர்ப் புட்கள் பெருகின. ஆண்டுதோறும் கூடுகளை எண்ணி எழுதிய குறிப்பேடுகள் இல்லாதிருந்தால், புட்கள் குறைந்தன என்பதையே மெய்ப்பித்திருத்தல் அரிது.

தமிழகத்திலும் ஓரிணைப் புட்களை நாடோறும் நோக்கிய இடமொன்று இருந்தது. திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரர் மலையில், நண்பகலில் வரும் இரு கழுகுகளுக்கு அமுதூட்டும் வழக்கம் நூற்றாண்டுகளாக நடைபெற்றது. கங்கையில் நீராடி வரும் முனிவர் இருவரே அவை என்பது அடியார் கொண்ட உரை. 1990களின் இறுதிக்குப்பின் அவை வருவதில்லை. வழிபாட்டு மரபின் நோக்கம் கூட்டை ஆராய்தலன்று. அதனை அவ்வழியிற் குறைகூறுதல் பொருந்தாது. எனினும் இத்துணை நெடுங்காலம் ஒழுங்காக நிகழ்ந்த காண்டல், நாளும் வந்தவை எத்தனை, எத்திசையினின்று வந்தன, குஞ்சொடு வந்தது எவ்வாண்டு என்னும் குறிப்பேடாக எழுதப்பட்டிருப்பின், அவை வாராதொழிந்த காரணத்தைத் தேடுவோர்க்கு அதனினும் சிறந்த துணை வேறிராது. உரை பக்தியைக் காத்தது. காண்டலைக் காப்பதற்கு ஏடு வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்கின், கடற்பருந்தின் கூட்டைத் தமிழில் எழுதப் புகுவோன் கொள்ளவேண்டிய முறை தானே விளங்கும். வடகீழ்ப் பருவக்காற்றை ஒட்டி, ஆண்டின் இறுதி மாதங்களில் இணைப்புட்கள் பழைய கூட்டிற்கே மீண்டு புதுச் சுள்ளிகளை அடுக்கும். இரண்டும் கழுத்தை நீட்டி மாறிமாறிக் கூவுதல் காலையிலும் மாலையிலும் நெடுந்தொலைவு கேட்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. ஏறத்தாழ ஆறு வாரம் அடைகாத்தல். பின்னும் பத்து வாரமளவிற் குஞ்சு பறத்தல். பலவேளைகளில் இரண்டனுள் ஒன்றே பிழைத்தல். இவை நூல்களினின்று பெறும் உரை. நோக்குவோன் தன் ஏட்டில் எழுதவேண்டியவை வேறு. புள் கூட்டில் தாழ்ந்து அமர்ந்தது. ஒன்று எழ மற்றொன்று அமர்ந்தது. அமர்ந்திருந்த புள் ஒருநாள் நிமிர்ந்து, கொணர்ந்த மீனைச் சிறு துண்டுகளாகக் கிழித்துத் தலைதாழ்த்தியது. இவை காண்டல். முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது என்பவை அவற்றின்வழிப் பெறும் கருதல். ஏட்டின் இடப்பக்கத்தில் முன்னையதும் வலப்பக்கத்திற் பின்னையதும் நாளும் பொழுதும் குறித்து எழுதப்படுமாயின், பிற்காலத்தார் கருதலை மறுத்தாலும் காண்டல் அழியாது நிற்கும். கூட்டை அணுகுதலும் மரமேறுதலும் விலக்கத்தக்கன. அடைகாக்கும் புள் வெருண்டெழுந்தால் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும்.

இவ்வாறு எழுதும் நடை வறண்டதாகிவிடும் என அஞ்சுவார் உளர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் இசைமரபைக் கணிதத்தால் அளந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார்; அளத்தலால் அந்நூலின் தமிழ் வறண்டுபோகவில்லை. அம்மூவனாரும் மணலிற் கிடந்த ஒரு தூவியைத் தவறாது குறித்தார்; அதனால் அவர் பாட்டு மெலியவில்லை. திருகோணமலையின் கடற்பருந்துக்கு அத்தகைய ஏடு தமிழில் எழுதப்படல் வேண்டும். ஒரு பருவம் போதாது; பத்துப் பருவம் தொடர்ந்தால், கூடு நிலைக்கின்றதா குறைகின்றதா என்பதைத் துறைமுகத்தின் வளர்ச்சியோடும் கடலின் மாற்றத்தோடும் ஒப்பிட்டுக் கருத இடமுண்டாகும். அதுவரை, மீன் சுமந்து செல்லும் புள்ளைக் கண்டவர், மீன் சுமந்து செல்லும் புள்ளைக் கண்டதாகவே எழுதுதல் தகும்.